ஒரு லைனுக்கு ஒரு கட்டை

கடைசியாக எப்போது நீங்கள் இன்னொருவரிடம் கையை நீட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு சிறுநீர் கழிக்கப் போனீர்கள்? பள்ளிக்கூடத்தில், சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டிய வயதில் என்பீர்கள். நான் சொல்லப்போகிறவர் நாற்பத்தொரு வயதில், ஒரு பெண்ணுக்குத் தாயான பிறகும், ஒவ்வொரு நாளும் கையை நீட்டினார். பெரும்பாலான தடவை கை வெறுமனே திரும்பியது.

சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. பன்னிரண்டு லைன். ஒரு லைன் என்றால் முப்பத்தெட்டுப் பெண்கள், முப்பத்தெட்டு மெஷின்கள், ஒரு சூப்பர்வைசர். ஒருத்தி காலர் வைப்பாள், அடுத்தவள் கை ஏற்றுவாள், அதற்கடுத்தவள் பட்டன் துளை போடுவாள். ஒரு சட்டை முப்பத்தெட்டுக் கைகளைத் தாண்டித்தான் சட்டையாகிறது. லைனின் தலைமாட்டில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு மரக்கட்டை. அரை அடி நீளம், மஞ்சள் பெயிண்ட், நுனியில் கயிறு. அந்தக் கட்டை யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டும் இடத்தை விட்டு எழுந்து கழிப்பறைக்குப் போகலாம். அவள் திரும்பி வந்து மாட்டிய பிறகு அடுத்தவள். முறை வரிசை தப்பாமலிருக்கத் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் மேஜைக்கு அடியில் எண் எழுதி வைத்துக்கொள்வார்கள். மாதவிலக்கு வந்தவள் காதைத் தொட்டுக் காட்டினால் எல்லோரும் ஒரு முறை விட்டுக்கொடுப்பார்கள். அவ்வளவு நியாயம் அந்தப் பெண்களிடம் இருந்தது. கட்டையை மாட்டியவர்களிடம் இல்லாத நியாயம்.

நம் ஆளுக்கு லைனில் பெயர் கணக்கக்கா. எட்டாம் வகுப்போடு நின்றவர்தான். எண்கள் மட்டும் அவரிடம் கைகட்டி நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தக் கட்டையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் கட்டையைத் தொடக்கூடாது. சாப்பாட்டு வேளைக்கு முன்னும் பின்னும் அரைமணி தொடக்கூடாது. மிச்சம் ஆறரை மணி நேரம். கழிப்பறை கட்டடத்தின் பின்கோடியில், துணி வெட்டும் கூடத்துக்கும் அப்பால். போய்வர ஏழு நிமிடம். ஆக ஐம்பத்தைந்து முறை.

"ஆளுக்கு ஒரு தடவை. மிச்சம் பதினேழு. அந்தப் பதினேழு பேர் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் தினமும் வேலைக்கு வரோம்" என்று அவர் சொன்னபோது லைனே சிரித்தது.

"சாப்பாட்டு நேரத்துல போலாமேக்கா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி.

"போலாமே. நானூத்தம்பத்தாறு பேரு, எட்டு கக்கூஸ், அரைமணி நேரம். நீ போய் வரிசையில நில்லு, உன் சோத்தை நான் சாப்பிட்டுடறேன்."

அதனால் அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் எழுந்ததும் ஒரு மடக்கு, மதியம் தொண்டை நனைய ஒரு மடக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் ஆணையிடவில்லை. சேர்ந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருத்திக்கும் தானாகவே அந்தப் பழக்கம் வந்துவிடும். பையில் எல்லோரிடமும் தண்ணீர் பாட்டில் இருக்கும். மாலையில் பாதிக்கு மேல் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும்.

அந்த லைனில் காலர் வைத்தவள் கணக்கக்காவின் நாத்தனார். கணவரின் தங்கை, பன்னிரண்டு வயது இளையவள், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். லைன் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. அந்தப் பெயரை அவள் பதக்கம்போல் அணிந்திருந்தாள். "எங்கண்ணன் கல்யாணம் பண்ணது ஒரு கால்குலேட்டரை" என்று அண்ணியின் எதிரிலேயே சொல்வாள். அண்ணியும் அவளை விட்டுச் சாப்பிடமாட்டார்.

ஒரு நாள் தொழிற்சாலைக்குக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசுவது அவர் தொழில். மெஷின்களை நிறுத்திப் பெண்களைத் தரையில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த ஒன்றரை மணி நேரமும் கட்டைக்கு விடுமுறை என்பதால் பாதிப் பேர் காலை மடக்கி நெளிந்துகொண்டே கேட்டார்கள். உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் என்றார். தடைகள் எல்லாம் மனதில்தான் இருக்கின்றன என்றார். பிறகு ஆளுக்கொரு அட்டை கொடுத்து இலட்சியத்தை எழுதச் சொன்னார்.

"என்னடி எழுதற?" என்றார் கணக்கக்கா.

"ஒண்ணுக்குப் போகணும்னு. வேற எதுவும் இப்ப ஞாபகம் வரல அண்ணி."

கணக்கக்கா இரண்டு வரி எழுதினார். 'இந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர் ஆக வேண்டும். ஆன அன்றே கட்டையைத் தூக்கி எறிய வேண்டும்.' கோட்டுக்காரர் அட்டைகளைப் புரட்டி அதை எடுத்தார். முதல் வரியை உரக்கப் படித்தார். இரண்டாவது வரியைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டு, "அருமை! கைதட்டுங்க!" என்றார். அட்டை சுவரில் ஒட்டப்பட்டது, கீழ்ப்பாதி இன்னோர் அட்டைக்கு அடியில் மறைந்திருக்கும்படி.

மனதில் இருக்கும் தடைகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஆணியில் தொங்கும் தடை கண்ணில் படுவதேயில்லை. படாமலிருப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

ஆனால் கணக்கக்கா எழுதியதை எழுதியபடி எடுத்துக்கொண்டார். சூப்பர்வைசராகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். தனித்தேர்வுக்குப் பணம் கட்டினார். வீட்டில் படிக்க நேரமில்லை. கம்பெனி பஸ்ஸில் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். கம்பியைப் பிடித்து நின்றபடி அவர் ஒப்பிக்க, இருக்கையில் உட்கார்ந்து நாத்தனார் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். அவள் கேட்டால் பஸ் முழுதும் கேட்கும்.

"சிறுநீரகத்தின் பணி யாது?"

"இரத்தத்தைச் சுத்திகரித்து..."

"தப்பு! எங்க லைன்ல அதுக்கு வேலையே இல்ல, அது லீவுல இருக்குன்னு எழுதுங்க. ஒரு மார்க்கு கூடவே போடுவாங்க."

பஸ் குலுங்கிச் சிரிக்கும். ஓட்டுநரும் சிரிப்பார். முதல் தடவை கணக்கக்கா மொழிப்பாடத்தில் கட்டுரை சொதப்பித் தோற்றார். அடுத்த தடவை தேறினார். கணிதத்தில் தொண்ணூற்றாறு. சான்றிதழோடு மேனேஜரிடம் போனபோது அந்த இடம் மேனேஜரின் மைத்துனருக்குப் போயிருந்தது. மைத்துனர் பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்தவரும் இல்லை. கணக்கக்கா அழவில்லை, சபிக்கவில்லை. மைத்துனருக்குக் கணக்கு வராததால் அவருடைய தினசரி அறிக்கையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டில் மைத்துனர் வேறு நல்ல இடத்துக்குப் போனார். வேறு வழியில்லாமல் கணக்கக்கா சூப்பர்வைசரானார். அட்டை எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டு, நான்கு மாதம்.

முதல் நாள் காலை, மெஷின்கள் ஓடத் தொடங்குமுன், ஆணியிலிருந்து கட்டையைக் கழற்றித் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "போகணும்னா போங்க. பக்கத்துல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, துணி குவியாம அவ பாத்துப்பா. அவ்வளவுதான்."

யாரும் நம்பவில்லை. அரைமணி நேரம் ஒருத்தியும் எழவில்லை. பிறகு நாத்தனார்தான் எழுந்தாள். இரண்டு கைகளையும் வீசி, கூடத்தின் நடுவே, மற்றப் பதினொரு லைன்களும் பார்க்க நடந்து போனாள். திரும்பி வந்து, "அண்ணி, வெறுங்கையோட போறதுக்கே தனி சுகமா இருக்கு" என்றாள்.

கணக்கக்கா அறிவுள்ளவர். நல்லெண்ணத்தை நம்பி இந்த உலகம் எதையும் ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு நோட்டில் எழுதிவந்தார். கட்டை தொங்கிய நாட்களில் மணிக்குச் சராசரி எண்பத்து நான்கு சட்டை. கட்டை இல்லாத முதல் வாரம் எழுபத்தொன்பது. இரண்டாம் வாரம் எண்பத்து நான்கு. மூன்றாம் வாரம் எண்பத்தெட்டு. வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தைக்காதவள் தையலைப் பிரித்துத் தைப்பது குறைகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை.

நான்காம் வாரம் மேனேஜர் கூப்பிட்டார். கணக்கக்கா நோட்டை எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் நோட்டைத் திறக்கவேயில்லை.

"எண்பத்தெட்டா? நல்லது. ஆனா ஏழாவது லைன்ல கேக்க ஆரம்பிச்சுட்டாங்களேம்மா. ஒன்பதாவது லைன்லயும் கேக்கறாங்க. இன்னிக்கு கட்டை வேணாம்பாங்க, நாளைக்கு வேற எதையாவது வேணாம்பாங்க. நாளைக்கு ஆணியில மாட்டிடுங்க. இல்லேன்னா மெஷினுக்குத் திரும்பிப் போயிடுங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

சட்டை எண்ணிக்கைக்காகத்தான் கட்டை என்று அதுவரை நம்பியிருந்தார் கணக்கக்கா. எண்ணிக்கை கூடிய பிறகும் கட்டை வேண்டுமென்றால் அது எதற்காக என்று அன்று அவருக்கு விளங்கியது. கேட்காத வாயைக் கேட்காமலே வைத்திருப்பதற்காக.

இந்த இடத்தில்தான் அவர் தவறு செய்தார். இலட்சியம் வைத்து, படியேறிப் பழகிய மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மெஷினுக்குத் திரும்பினால் கட்டையை வேறொருவர் மாட்டுவார், மூன்றாண்டு வீண். பொறுத்திருந்தால் இரண்டாண்டில் மாடி முழுவதற்கும் பொறுப்பாளர் ஆகலாம். அப்போது ஒரு லைன் என்ன, பன்னிரண்டு கட்டைகளையும் ஒரே நாளில் கழற்றலாம். இன்னும் ஒரே ஒரு படி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. இடையில் வரும் இரண்டாண்டில் யார் உடம்பு என்ன ஆகும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

மறுநாள் தன் கையாலேயே கட்டையை மாட்டினார். லைனில் எல்லோரும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும், "பரவால்லங்க அண்ணி, ஒரு மாசம் ராணியா இருந்தோம்" என்றாள். சாக்கட்டி எண்கள் மேஜைகளுக்கு அடியில் மீண்டும் வந்தன.

அப்போது நாத்தனார் இரண்டு மாத கர்ப்பம். ஐந்து ஆண்டு காத்திருந்து வந்த கர்ப்பம். தொழிற்சாலையில் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மேலங்கியைப் பெரிய அளவில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். லைனில் எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. தெரியாததால் கூடுதலாக ஒரு முறை கேட்கவும் வழியில்லை. அவளும் மற்றவர்களைப்போலவே தண்ணீரை நிறுத்திக்கொண்டாள்.

ஆறாம் மாதம். சரக்கு ஏற்றும் நாள். லாரி வாசலில் நின்றது. மணி மூன்றேகால். கட்டை வெளியே போயிருந்தது. நாத்தனார் எழுந்து வந்தாள்.

"அண்ணி, நான் போயிட்டு வந்துடறேன்."

"கட்டை வரட்டும்டி."

"கட்டையா? நீங்களா சொல்றீங்க?"

"மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாடியே நிக்கறாருடி. பத்தே நிமிஷம்."

கட்டை வந்தது. சாக்கட்டி வரிசைப்படி அடுத்த முறை பட்டன் துளை போடுகிறவளுடையது. கணக்கக்கா நாத்தனாரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். சொந்தக்காரிக்குக் கொடுத்தாள் என்ற பேச்சு வரக்கூடாது. நியாயம் தப்பக்கூடாது. பட்டன்காரியிடம் நீட்டினார். அவள், "வாயாடி போகட்டும்க்கா" என்றாள். "முறைன்னா முறைதான்" என்றார் கணக்கக்கா. நாத்தனார் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்து காலர் வைத்தாள். வாயாடி பேசாமலிருந்ததைக் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன் என்பதுதான் கணக்கக்கா பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது.

மூன்று நாள் கழித்து நாத்தனாருக்குக் குளிர்காய்ச்சல். இடுப்புக்கு மேலே, முதுகின் இரண்டு பக்கமும் குத்துவலி. மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் குழந்தை வெளியே வந்தது. பெண் குழந்தை. நான்கு மணி நேரம் உயிரோடிருந்தது.

"சிறுநீரகத்துல கிருமி ஏறியிருக்கு. இதனாலதான் குழந்தை முன்னாடியே வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் காய்ச்சல்ல அப்படி ஆகறது உண்டு" என்றார் டாக்டர். அப்புறம் கேஸ் தாளைப் பார்த்தபடியே, "ஏம்மா, தண்ணியே குடிக்கறதில்லையா? அடக்கி வெச்சுக்குவியா? படிச்ச பொண்ணுதானே?" என்றார். கட்டிலுக்கு அருகில் நின்ற கணக்கக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

நாத்தனாரின் மாமியார் தலையெழுத்து என்றார். பக்கத்து வீட்டார் தலையெழுத்து என்றார்கள். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் அதையே சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. எழுத்து என்றால் எழுதிய கை ஒன்று இருக்க வேண்டுமே! முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கட்டை என்று ஒரு தாளில் ஒரு மனிதன் எழுதினான். அவனுக்கு மேஜை உண்டு, நாற்காலி உண்டு, அறையை ஒட்டியே கழிப்பறை உண்டு. அவனை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். வானத்தைப் பார்ப்பவர்கள் இருக்கும்வரை அவனுக்கு என்ன கவலை?

மருத்துவமனையிலிருந்து வந்த எட்டாம் நாள் கணக்கக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்குத்தான் கணக்கு நல்லா வருமே. அன்னிக்கு அந்தப் பத்து நிமிஷத்துல எத்தனை சட்டை முடிஞ்சுது?"

கணக்கக்காவுக்கு விடை தெரியும். அன்றைய ஓட்டம் மணிக்குத் தொண்ணூறு. பதினைந்து. நாத்தனார் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அந்த ஆண்டு விழாவுக்குக் கோட்டுக்காரர் மறுபடி வந்தார். மெஷினில் தைக்கச் சேர்ந்து, படித்து, சூப்பர்வைசராக உயர்ந்த பெண்ணை மேடையேற்றுவதென்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். கணக்கக்காவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். 'இலட்சியம் வைத்தார், எட்டினார்' என்று கீழே எழுதியிருந்தது.

கணக்கக்கா மேடையேறினார். நன்றி சொல்லவில்லை. "நான் எழுதினது ரெண்டு வரி. ஒண்ணைத்தான் நீங்க படிச்சீங்க" என்று தொடங்கி இரண்டாவது வரியைச் சொன்னார். நோட்டைத் திறந்து எழுபத்தொன்பது, எண்பத்து நான்கு, எண்பத்தெட்டு என்று படித்தார். "கட்டையைத் திருப்பி மாட்டினது இந்தக் கைதான். எங்க வீட்டுப் புள்ளை நாலு மணி நேரம்தான் இருந்துச்சு" என்றபோது மைக் அணைந்தது. மைக் இல்லாமலும் பேசினார். பின்வரிசை வரை குரல் போகவில்லை. நாத்தனார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டு வாடகை துக்கத்துக்காகக் காத்திருக்காது.

மறுநாள் வாசலில் காவலாளி கணக்கக்காவை உள்ளே விடவில்லை.

சில மாதங்களில் அந்தத் தொழிற்சாலையில் கட்டைகள் எடுக்கப்பட்டன. பன்னிரண்டும், ஒரே நாளில். கம்பெனி அதைப் படம் பிடித்து விளம்பரமும் செய்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொருத்தி கழுத்திலும் ஓர் அட்டை. கழிப்பறைக் கதவில் அட்டையைத் தேய்த்தால்தான் திறக்கும். எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று மேனேஜரின் கணினியில் பதிவாகும். மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டப்படும். குறைவாகப் போனவளுக்குப் பாராட்டு. பெண்கள் இப்போதும் தண்ணீர் குடிப்பதில்லை. கட்டையைத் தூக்கி எறிய வேண்டும் என்ற இலட்சியம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறிவிட்டது.

கணக்கக்கா இப்போது வேறொரு தொழிற்சாலையில், மறுபடியும் மெஷினில். சான்றிதழைக் காட்டவில்லை. அங்கேயும் கட்டை உண்டு, சிவப்பு நிறம். காலையில் உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்து, எல்லோரும் பார்க்க முழுவதையும் குடிக்கிறார். போக வேண்டியபோது கட்டையைத் தொடாமல் எழுந்து போகிறார். இரண்டு தடவை எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போகும்.

"அடுத்து என்ன இலட்சியம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் ஒருத்தி ஏறிப் போய் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடலாம்னு நெனச்சேன். தப்பு. மூணு வருஷம் நான் ஏறின ஒவ்வொரு படியிலயும் முப்பத்தேழு பேரு கீழயேதான் இருந்தாங்க. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்துல எழுந்திருந்தா ஒரு நாள் போதும். இப்ப பக்கத்து மெஷின்காரி என்னைப் பாத்துட்டு அரை பாட்டில் குடிக்கறா. அவ்வளவுதான்."

பிறகு சொன்னார்: "தினமும் சாயங்காலம் அவ வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகணும். ஏறெடுத்துப் பாக்க மாட்டா. பாக்கவும் வேணாம்."

இதைப் படிக்கும் உங்களில் சிலர் மேனேஜர்கள், முதலாளிகள், கடை நடத்துகிறவர்கள். உங்கள் கூரைக்குக் கீழே இப்படியொரு கட்டையோ, அட்டையோ, முறைப்போ இருந்தால் நாளைக் காலையில் எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை. நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் கழுத்துப் பட்டையைப் புரட்டிப் பாருங்கள், தைக்கவைத்து விற்ற கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு ஒரு கேள்வி எழுதுங்கள்: இதைத் தைத்த பெண் நினைத்தபோது எழுந்து போக முடியுமா? பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் எழுதுங்கள். தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள். அவருக்கு மூன்றாவது எச்சரிக்கை வருவதற்குள்.